இது யாருக்குத்தான் தோன்றாது?

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. மேல்முறையீட்டு மன்றத்தின் கடைசி பெஞ்சில், அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது சும்மா கிடைத்தது. சும்மா கிடைத்ததை ஜோராக விற்பது எங்கள் குடும்ப வழக்கம். எடுத்துப் பாருங்கள், புரட்டிப் பாருங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை தூறிய அந்தக் காலையில் நீதியின் தராசு மெல்ல…’

(வேண்டாம். மழையே இல்லை. ஏசிதான் ஒழுகியது.)

2

அக்காவின் கணவர், அதாவது என் மச்சான், போன் கடைக்காரர். அவர் ஒரு போன் கண்டுபிடித்தார். நீங்கள் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அழைத்தால், அவர் பெயரை அது உங்கள் காதில் மட்டும் கிசுகிசுக்கும். எதிர்முனைக்குக் கேட்காது.

காப்புரிமை அலுவலகம் கையை விரித்துவிட்டது. எண்ணைக் காட்டும் போன் முன்பே உண்டு, பெயரைப் படிக்கும் போனும் உண்டு, இரண்டையும் சேர்க்க எந்த மெக்கானிக்குக்கும் தோன்றுமாம். அப்படி யாருக்கும் தோன்றக்கூடியதற்குக் காப்புரிமை கிடையாதாம். மேல்முறையீட்டிலும் தோற்றால் பெரிய கம்பெனிகள் நாளைக்கே அதைத் தங்கள் போனில் போட்டுக்கொள்ளும். மச்சானுக்குக் கைதட்டல்கூட மிஞ்சாது.

(மச்சானை அப்பாவியாக எழுதுவதா, கெட்டிக்காரராக எழுதுவதா என்று குழம்பி, சரி, அவரே பேசட்டும் என்று விட்டேன். அங்கேதான் வினை.)

3

“இது எப்படி வேலை செய்யுது?” என்றார் நீதிபதி.

மச்சானிடம் அதுவரை இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லாரும் வாடிக்கையாளர்கள். முகம் மலர்ந்துவிட்டது.

“இதுல ஒண்ணுமே இல்ல சார்! ரொம்ப சுலபம். சின்னப் புள்ளகூட செஞ்சிடும்!”

மச்சானின் வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

“டேய் தம்பி, யாராவது அந்த மனுஷன் வாயை அடைங்கடா,” என்று அக்கா என்னைக் கிள்ளினாள்.

“சின்னப் பிள்ளையே செஞ்சிடும்னா உங்களுக்கு எதுக்குங்க காப்புரிமை?” என்றார் நீதிபதி.

“மூணு கலர்ல வருது சார்,” என்றார் மச்சான், விடாமல்.

வக்கீலம்மா துள்ளி எழுந்தார். “ஐயா, என் கட்சிக்காரர் சாட்சி சொல்லல, சரக்கு விக்கிறார்! செஞ்சு முடிச்சதைப் பார்த்தா எல்லாமே சுலபமாத்தான் தெரியும். அப்படின்னா இவருக்கு முன்னாடி ஏன் ஒருத்தரும் செய்யல?”

நீதிபதி சிரித்தார். அது எந்தக் கட்சிக்கான சிரிப்பு என்று…

4

மச்சான் ஜெயித்தார் என்று எழுதினால், “எதிர்பார்த்தேன்” என்பீர்கள். தோற்றார் என்றால், “அப்பவே நினைச்சேன்” என்பீர்கள். காதில் விழுந்த பிறகு எல்லாம் தெரிந்ததுதான். இந்த அநியாயத்தை எதிர்த்துத்தானே மனிதர் கோர்ட்டுக்கே வந்தார்!

ஆகவே முடிவை எழுத மாட்டேன். இதோ, நீதிபதி வாயைத் திறக்கிறார். அவர் சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லுங்கள், பார்க்கலாம்.

என்ன, யோசிக்கிறீர்களா?

ஐயா, தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள்: வாசகருக்குத் தோன்றவில்லை.