றோசலின் வீட்டில் நிற்காத தட்டுகள்

1994 ஐப்பசியிலிருந்து, ரொறன்ரோவின் வோபர்னில் மூன்றாம் மாடியில் குடியிருந்த பிலிப்பீன்ஸ்காரி றோசலின் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுகள் தாமாகவே சுழன்றன. அதே கிழமை லிஃப்டும் பழுதானதால் கட்டடத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிலிப்பீன்ஸ்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு: சாப்பாட்டின் நடுவே ஒருவர் எழுந்து வெளியே போனால், மேசையில் மிஞ்சியவர்கள் தங்கள் தட்டை ஒரு சுற்றுத் திருப்புவார்கள், போகிறவருக்கு வழியில் கெடுதல் வராது. ஊரில் இது எப்போதாவது தேவைப்பட்டது. ரொறன்ரோவில் றோசலின் முதியோர் இல்ல வேலைக்கு ஆறு மணிக்கு மேசையிலிருந்து எழுந்தாள், கணவன் யோசப் தொழிற்சாலைக்கு ஆறரைக்கு, மகள் பேர்ணடெற் டோனட் கடைக்கு ஏழுக்கு. கடைசியாக எழுந்தவளுக்காகத் தட்டைத் திருப்ப ஆளில்லை. ஆகவே தட்டுகள் அந்தப் பொறுப்பைத் தாமே ஏற்றன.

ஒருவராவது வெளியே இருக்கும்வரை அவை நிற்கவில்லை. சோறு சுவரெல்லாம் தெறித்தது. மூவரும் சட்டியோடு, நின்றபடி, தனித்தனியே தின்றார்கள். ஒருநாள் பஸ் தரிப்பில் யாரோ கிழவர் என்று றோசலின் வழிவிட்டாள், அது யோசப். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வெறி: மூவரும் உட்கார்ந்து, தட்டுகள் நிற்க, ஒரு நேரம் சாப்பிடவேண்டும்.

வட்டாரக் குடும்ப ஒற்றுமைக் குழுத் தலைவர் பொன்னம்பலம் 'முன்மாதிரிக் குடும்பம்' என்ற கேடயத்தோடும் படப்பிடிப்பாளரோடும் வந்தார்.

"உது மேசைக்குள்ள மோட்டர் பூட்டியிருக்கு," என்றார், பக்கத்து வீட்டு பாலேஸ்வரியிடம்.

"ஓம் அண்ணை, உங்கட வாய்க்கும் அப்பிடி ஒண்டு இருக்கெல்லோ."

சேர்ந்து உண்பதன் மேன்மை பற்றி நாற்பது நிமிடம் பேசிவிட்டு, பாதிச் சாப்பாட்டில் அடுத்த கூட்டத்துக்கு ஓடினார். அவருடைய தட்டும் சுற்றியது. றோசலின் கேடயத்தைச் சூடான சட்டிக்கு அடியில் வைத்தாள்.

1997 நத்தார் மதியம், தன் மேற்பார்வையாளரிடம் லீவுக்கு அழுது கெஞ்சி, அவள் மூவரையும் உட்கார்த்தினாள். தட்டுகள் நின்றன. யோசப் மீனைப் பரிமாறினான்.

"மம்மி, எனக்கு வன்கூவரில வேலை கிடைச்சிட்டு," என்றாள் பேர்ணடெற். "இண்டைக்குத்தான் பஸ்."

"மீனையாவது திண்டிட்டுப் போ, பிள்ளை."

அவள் எழுந்தாள். கதவு சாத்தியதும் தட்டுகள் அசைந்தன. றோசலின் இரண்டு கையாலும் தன் தட்டை அமத்திப் பிடித்தாள். யோசப்பின் தட்டையும் முழங்கையால். ஜன்னலுக்குக் கீழே, தெருவின் நடுவில், பேர்ணடெற் பெட்டியோடு அப்படியே நின்றாள். கால் எழவில்லை. பனி வழிக்கும் வண்டி திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது.

"விடு, றோசலின்!" என்று யோசப் கத்தினான்.

விட்டாள். மகள் தெருவைக் கடந்தாள்.

வன்கூவர் தூரம், தட்டுகள் பிறகு நிற்கவேயில்லை. றோசலின் கரண்டியை நீட்டிக்கொண்டு, மீன் துண்டு சுற்றி வரும்வரை காத்திருந்து சாப்பிடப் பழகினாள்.