கிட்டங்கித் தெரு வீடு

அன்று காலையிலிருந்தே மகேஷ்குமாருக்குக் கால் தரையில் பாவவில்லை. கிட்டங்கித் தெரு வீட்டைப் பார்க்க மாமனார் வருகிறார். அவர் சரி என்றால் வீடு இவனுக்கு. இல்லையென்றால் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் இன்னொரு குடும்பத்துக்கு.

வடசேரிச் சந்தைக்குப் பின்னால் இருக்கிறது அந்தத் தெரு. முன்பெல்லாம் வாழைத்தார் அடுக்கும் கிட்டங்கிகளும் லாரிகளுமாகக் கிடந்த இடம். அன்று மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தவர்கள்தான் இன்று அங்கே நின்று செல்பி எடுக்கிறார்கள். ஒரு கிட்டங்கி காபிக் கடையாகிவிட்டது. இன்னொன்று பிள்ளைகளுக்கான நூலகம். மற்றொன்றில் காலையில் யோகா, மாலையில் பரதநாட்டியம். தெருவுக்குக் கல் பதித்து, கார் நுழையாதபடி இரண்டு முனையிலும் இரும்புத் தூண் நட்டுவிட்டார்கள். மழை பெய்தால் மட்டும் பழைய வாழைத்தார் வாசனை லேசாக எட்டிப் பார்க்கும்.

மகேஷுக்குப் பிடித்ததே அந்தத் தூண்தான். ஓசூரில் இருந்தவரை பால் வாங்கவும் பைக், முடி வெட்டவும் பைக் என்று பாதி வாழ்க்கையை டிராஃபிக்கில் கழித்தவன் அவன். இங்கே மனைவி சுபிதா வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். மகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகலாம். தாளிக்கும்போது கறிவேப்பிலை இல்லையென்றால் அடுப்பைக் குறைத்துவைத்துவிட்டுப் போய் வாங்கி வந்துவிடலாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அவன் குரல் தானாக ஏறிவிடும். கறிவேப்பிலைக்காக வீடு வாங்கப் புறப்பட்ட ஆள் உலகத்திலேயே இவன் ஒருவன்தான்.

சுபிதாவுக்கும் ஆசைதான். ஆனால் அவள் வீட்டுக்கு ஒரே மகள். "அப்பாவுக்குப் பிடிக்காத வீட்ல என்னால நிம்மதியா இருக்க முடியாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

அந்த அப்பா நாராயணபெருமாள், கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் நமக்கு மூச்சு வாங்கிவிடும். மகள் ஒரு கரூர்க்காரனைக் காதலித்துக் கட்டிக்கொண்டபோதும் அவர் கோபப்படவில்லை, குதூகலிக்கவும் இல்லை. தன்னை அவருக்குப் பிடிக்காது என்று மகேஷாகவே முடிவுகட்டி வைத்திருந்தான்.

வீட்டுக்காரி ஜெபகுமாரி டீச்சர் கதவைத் திறந்துவிட்டார். மகளோடு இருக்கத் திருவனந்தபுரம் போகிற அவசரம் அவருக்கு. "பாத்துட்டு ஒரு முடிவு சொல்லிருங்க தம்பி. துபாய்காரங்க காபிக் கடையிலதான் இருக்காவ" என்றபடி வாசலிலேயே நின்றுகொண்டார்.

நாராயணபெருமாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சுவரைத் தட்டிப் பார்த்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். மரப்படி ஏறி மாடிக்குப் போய், ஜன்னலைத் திறந்து தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். மகேஷ் பின்னாலேயே போனான். கடைசியில் கீழே வந்து வாயைத் திறந்தார்.

"வீடு கொள்ளாம்."

மகேஷுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொள்ளாது என்பதைத்தான் இவர்கள் ஊரில் இப்படிச் சொல்கிறார்கள் போலிருக்கிறது! வீடு சின்னதுதான். அதற்காக ஒரே வார்த்தையில் முடித்துவிடுவதா?

"கொள்ளுமுங்க மாமா!"

"அதான். கொள்ளாம்."

"அப்படிச் சொல்லாதீங்க மாமா. கட்டில் இந்த மூலையில கொள்ளும். பீரோ அங்க கொள்ளும். நீங்களும் அத்தையும் வந்தீங்கன்னா மாடியில தாராளமாக் கொள்ளும்."

மாமனார் மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "மாடியும் கொள்ளாம்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் இறைத்துப் பார்க்கக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

மகேஷுக்கு அழுகை வராத குறை. அவரிடம் மல்லுக்கு நிற்க மனம் வரவில்லை. வாசலுக்கு வந்து, "டீச்சர், எங்களுக்குக் குடுத்து வைக்கலைங்க. அவங்களுக்கே குடுத்துருங்க" என்றான். டீச்சர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் காபிக் கடைப் பக்கம் நடந்தார்.

அவர் போகவும் சுபிதா ஆஸ்பத்திரியிலிருந்து வேகவேகமாக வந்து சேர்ந்தாள். "அப்பா என்ன சொன்னாங்க?"

"கொள்ளாதாம். ஒரு தடவைக்கு மூணு தடவை சொல்லிட்டாரு."

"கொள்ளாதுன்னா சொன்னாங்க? கொள்ளாம்னா?"

"ரெண்டும் ஒண்ணுதான?"

சுபிதா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, கொள்ளாம்னா நல்லாருக்குன்னு அர்த்தம்! எங்க ஊர்ல அதுக்கு மேல ஒரு பாராட்டே கிடையாது!"

மகேஷ் எடுத்தான் ஓட்டம். யோகா முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தவர்கள் பதறி விலகினார்கள். டீச்சர் காபிக் கடைக் கதவில் கை வைக்கும்போது போய்ப் பிடித்துவிட்டான்.

"டீச்சர்! வீடு எங்களுக்குத்தானுங்க!"

"இப்பத்தான வேண்டாம்னு சொன்னீங்க?"

மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னான். டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "தம்பி, நான் முப்பது வருசம் தமிழ்தான் சொல்லிக் குடுத்தேன். உங்களமாதி ஒரு பிள்ள கிடைக்கல. போங்க, நாளைக்கு வந்து எழுதிக்கிடலாம். அவியகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

திரும்பி வரும்போது அவன் நடக்கவில்லை, துள்ளினான். தெரு முழுக்கத் தனக்கே எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. வீட்டுப் படியில் உட்கார்ந்து சுபிதா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா லேசுல அந்த வார்த்தையச் சொல்ல மாட்டாங்க. கடைசியா எப்பச் சொன்னாங்க தெரியுமா? உங்கள முதல் தடவ வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்ல, அன்னிக்கு. நீங்க பஸ் ஏறிப் போனதும் அம்மாகிட்ட சொன்னாங்க, பையன் கொள்ளாம்னு."

மகேஷ் சிரிக்க முயன்றான். முடியவில்லை, கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடமும் வீணாகப் பயந்து ஒதுங்கியே நின்றிருக்கிறான்.

உள்ளே போனான். கிணற்றடியில் மாமனார் இறைத்த தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, வாங்க, ஒரு காபி சாப்பிட்டு வருவோம். நாம ரெண்டு பேரு மட்டும்" என்றான்.