வியாழக்கிழமைக் கோப்பி

1

நான் எழுதப் போனது இந்தக் கதையை இல்லை. டென்மார்க்கின் பிரெடெரிசியாவில் ஒரு கலியாண வீட்டில் கிறிஸ்துநாயகம் அண்ணையைப் பிடித்து, மன்னாரில் இருந்த மனைவியையும் மகளையும் கூப்பிட அவர் விண்ணப்பம் போட்டுப் பதில் வராமல் கிடந்த காலத்தைப் பற்றிக் கேட்டேன். நோட்டுப் புத்தகத்தோடு போயிருந்தேன்.

"எல்லாரும் அதைத்தான் கேக்கினம், பிள்ளை. ஒருத்தரும் பிர்கிட்டைப் பற்றிக் கேக்கேல்லை."

"ஆரண்ணை பிர்கிட்?"

"கோப்பி போட்டவ."

நோட்டை மூடினேன். கொஞ்ச நேரத்தில் திரும்பத் திறந்தேன்.

2

முதல் தொடக்கம்: 1988ஆம் ஆண்டு, பனி மூடிய ஒரு காலையில், நாடிழந்த மனிதன் ஒருவன்

(விட்டுவிட்டேன். டென்மார்க் என்றால் பனியில்தான் தொடங்க வேண்டுமா? அது ஜூன் மாதம்.)

இரண்டாவது: கிறிஸ்துநாயகம் ஓல்போர்க் துறைமுகத்துக்கு அருகே ஒரு சிறிய ஹோட்டலின் கீழ்த்தளச் சமையலறையில் கோப்பை கழுவினார். விண்ணப்பம் போட்டுப் பத்து மாதம் ஆகியிருந்தது.

இது போதும்.

3

விண்ணப்பக் கோப்புகளைப் பார்க்கும் அலுவலகம் தலைநகரில் இருந்தது. தொலைபேசியை அவர்கள் எடுப்பது காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. கிறிஸ்துநாயகத்தின் டெனிஷ் வணக்கத்தோடு தீர்ந்துவிடும். மேலே பாரில் நின்ற பிர்கிட், "வியாழக்கிழமைகளில் நான் கேட்கிறேன்" என்றார். யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

தொலைபேசி பின்னறையில். காக்க வைத்தால் நாற்பது நிமிடம். பத்து மணிக்குத்தான் துறைமுகத்து ஆட்கள் கோப்பிக்கு வருவார்கள். அந்த நேரம் கோப்பி மெஷினில் யாராவது நிற்க வேண்டும். கிறிஸ்துநாயகம் நிற்கட்டும் என்று முதலாளி ஒத்துக்கொண்டார். ஆனால் மூன்று தரம் கோப்பி குடிக்காமல் திரும்பி வந்தால் அவர் கீழே போகவேண்டும், பிர்கிட் பாரை விட்டு அசையக்கூடாது.

4

அது கைபிடி வைத்த பழைய இத்தாலி மெஷின். கைபிடியை உயர்த்தினால் வெந்நீர் தூளுக்குள் இறங்கும். எட்டு எண்ணும்வரை பொறுக்கவேண்டும். பிறகு கையால் சீராகக் கீழே அழுத்தவேண்டும். பாதியில் விட்டால் கைபிடி மேலே எகிறும். தூள் பரும்படியாக இருந்தால் தண்ணீராக ஓடும். மாவாக இருந்தால் ஒரு சொட்டும் வராது.

(அந்த எட்டு எண்ணிக்கையையும் பத்து மாதக் காத்திருப்பையும் பக்கத்தில் வைக்க ஒரு வாக்கியம் எழுதினேன். அழகாகத்தான் இருந்தது. அடித்துவிட்டேன்.)

முதல் வியாழன், கிரேன் ஓட்டுகிற ஒருவரின் கோப்பி திரும்பி வந்தது. இரண்டாவது வியாழனும் வந்தது. முதலாளி ஒரு விரலைக் காட்டினார்: இன்னும் ஒன்று.

பிர்கிட் வாயில் வைத்துப் பார்த்தார். "ஏன் நிறுத்தவில்லை?"

"கோப்பை நிறையவில்லை."

அதற்கு மேல் சொல்ல அவருக்கு டெனிஷ் இல்லை. வீட்டுக்கு வந்தவருக்கு அரைக்கோப்பை கொடுத்தால் எழும்பிப் போ என்று சொன்ன மாதிரி. மன்னாரில் விளிம்புவரை வார்த்துத்தான் கொடுப்பார்கள். அவரும் சிறிய கோப்பை நிரம்பும்வரை ஒரே தூளை இரண்டு தரம், மூன்று தரம் அழுத்தினார்.

பிர்கிட் மூன்று கோப்பைகளை எடுத்தார். முதலில் வந்ததை ஒன்றில் பிடித்தார், அடுத்ததை இன்னொன்றில், கடைசியை மூன்றாவதில். "குடி."

முதலாவது சீனிப்பாணி போலத் தடித்து, புளித்தது. இரண்டாவது இனித்தது. நிறம் வெளிறிய மூன்றாவதைத் துப்பினார். மரியாதை என்று அவர் வார்த்துக்கொண்டிருந்தது அந்த மூன்றாவதைத்தான்.

(பிர்கிட்டுக்கு எங்கள் தமிழைக் கொடுக்க ஆசை. கொடுத்தால் என் சித்தி மாதிரி ஆகிவிடுவார். விட்டேன்.)

5

புதன் பின்னேரம் முழுக்கப் பழகினார். கூடக் கோப்பை கழுவிய சிவானந்தன் குடித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

"அண்ணை, உது கோப்பியோ, காதுக்கு விடுற மருந்தோ?"

"பேசாமல் குடியடா."

"ஆறாவது, அண்ணை. நான் இனி ஞாயிற்றுக்கிழமைதான் நித்திரை கொள்ளுவன்."

வியாழன், கிரேன்காரரின் முன்னால் அரைக்கோப்பையை இரண்டு கையாலும் வைத்தார். வெட்கத்தில் முகத்தைப் பார்க்கவில்லை. கிரேன்காரர் இரண்டு மிடறில் குடித்தார். கோப்பையைத் தள்ளினார்.

"இன்னொன்று."

பின்னறையில் பிர்கிட் தொலைபேசியில் காத்திருந்தார். பதில்: பரிசீலனையில் இருக்கிறது. அடுத்த வியாழனும் அதுதான். கோடை போய் மார்கழி வரும்வரை அதுதான்.*

* கோப்புகளை அசைக்க வேண்டாம் என்று மேலிடத்திலிருந்து சொல்லப்பட்டிருந்தது பிறகு நாட்டுக்கே தெரிந்தது. அதற்கு வழக்குக் கட்டுகள் இருக்கின்றன. பிர்கிட் அவற்றில் இல்லை. ஆகவே இங்கே.

6

அடுத்த வருடத் தொடக்கத்தில் ஒரு வியாழன். கிறிஸ்துநாயகம் கைபிடியைப் பாதி அழுத்தியிருந்தார். பின்னறை வாசலில் பிர்கிட், தொலைபேசி வயர் இழுபட, ரிசீவரை நீட்டியபடி.

"உன் மகள் பிறந்த தேதியைக் கேட்கிறார்கள். நீயே வா!"

அவர்கள் ஏதாவது கேட்டது அதுதான் முதல் தடவை.

முடிவு அ: அவர் கைபிடியை விட்டு ஓடுகிறார். அது எகிறுகிறது. முதலாளி

முடிவு ஆ: அவர் கோப்பியை முடித்துவிட்டுப் போகிறார். அதற்குள் லைன்

நோட்டில் கிறுக்கிய இந்த இரண்டையும் அங்கேயே வாசித்துக் காட்டினேன். அண்ணை இல்லையென்று தலையாட்டினார்.

"விட்டிட்டு ஓடினனான், பிள்ளை. ஆனால் அது எகிறேல்லை. ஆரோ எட்டிப் பிடிச்சவை. நான் திரும்பிப் பாக்கேல்லை. பிர்கிட்டுக்கு அவ சாகும்வரைக்கும் நன்றி சொன்னனான். அந்தக் கைக்குத்தான் சொல்லேல்லை."

"கிரேன்காரரோ?"

"கேட்டனான். தான் இல்லையாம்."

அவர் மனைவி அமலராணி வந்தாரா என்று நீங்கள் கேட்பீர்கள். இதை அவர் சொன்னது மகளின் கலியாணத்தில். "கதைச்சது காணும், சோறு ஆறுது" என்று அமலராணி இரண்டு தரம் வந்து கூப்பிட்டுவிட்டார்.

"அது ஆரெண்டு எழுத ஏலுமெண்டால் எழுது" என்றுவிட்டு அண்ணை எழும்பினார்.

என்னால் ஏலவில்லை. கிரேன்காரரை வைத்துப் பார்த்தேன், சிவானந்தனை, முதலாளியைக்கூட. ஒருவரும் பொருந்தவில்லை. பாரில் ஓர் இடம் காலியாக இருக்கிறது.

நீங்கள் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். கைபிடியைப் பிடியுங்கள். சீராக அழுத்துங்கள், நிறம் வெளிறினால் நிறுத்துங்கள். அவர் போய்த் தேதியைச் சொல்லட்டும்.