பருப்பில் ஊற்றிய நெய்

சீ, அதையெல்லாம் டீ என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இஞ்சி தட்டிப்போட்டு, சோயா பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டேன். திரிந்துபோய்க் கட்டி கட்டியாக மிதந்தது. படம் பிடித்து வைஷாலிக்கு அனுப்பினேன்.

"அம்மா, அடுப்ப ஆஃப் பண்ணிட்டு கடைசியா ஊத்துங்க லா. மாட்டுப்பால் மாதிரி கொதிக்க விடாதீங்க," என்று பதில் வந்தது. முப்பது வருஷமாக டீ போடுகிறவளுக்கு மகள் பாடம் எடுக்கிறாள்! எல்லாம் என் தலையெழுத்து.

வைஷாலி எங்கள் ஒரே பெண். கறி, மீன், முட்டை, பால் எதையும் தொடாத வீகன். போன தீபாவளிக்கு நான் ஆட்டுக்கறிக் குழம்பு மூடியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இந்த வீட்டுச் சாப்பாட்டு வாடையே எனக்குக் குமட்டுதும்மா," என்றாள். விடியுமுன் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கிய கறி. பெற்ற வயிறு எரியாதா? "குமட்டுனா வெளிய போடி," என்றேன். போய்விட்டாள். தீவின் மறுகோடியில், சுவா சூ காங்கில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். எப்போதாவது வந்து அப்பாவைப் பார்ப்பாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள்.

வீம்பு எத்தனை நாளைக்கு? சித்திரைப் பிறப்பன்று வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்று கடைசியில் நான்தான் கெஞ்சினேன். "ஒரு மாசம் நான் சாப்பிடுற மாதிரி சாப்பிட்டுப் பாருங்க, வரேன்," என்றாள்.

கருமம், அந்த மாசம்! நான் கணக்கு எழுதும் ஜாலான் புசார் ஹார்ட்வேர் கடைக்குப் பக்கத்தில் சைவ 'மீன்' விற்றார்கள். ஒரு கடி கடித்தேன். பழைய செருப்பைக் கடித்த மாதிரி இருந்தது, த்தூ! இன்னொரு கடையில் 'வெஜிடேரியன்' பீஹூன், அரிசிச் சேமியா. பாதி தின்றபிறகு மேலே போட்ட மிளகாய்ச் சம்பலில் என்ன என்று கேட்டால், "பிளாச்சான் கொஞ்சம்தான்," என்றாள் கடைக்காரி. இறால் ஊறிப் புளித்த விழுதுக்குக் கொஞ்சம் என்ன, நிறைய என்ன? பிஸ்கட்டில் பால் பவுடர், ரொட்டியில் வெண்ணெய். பாக்கெட்டின் பின்பக்கம் படித்துப் படித்தே கண் போயிற்று.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்கம்மா. மொதல்ல காலைச் சாப்பாடு மட்டும். டூப்ளிகேட் மீனெல்லாம் எதுக்கு? இட்லி, தேங்காச் சட்னி, சுண்டல்... பாதி நம்ம சாப்பாடுதானே? பி-டுவெல்வ் மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க," என்றாள் வைஷாலி போனில்.

அதென்னவோ உண்மைதான். தேங்காய்ப்பாலில் சொதி வைத்தேன், கொள்ளு ரசம் வைத்தேன், ஒழுங்காகத் தொண்டையில் இறங்கியது. மாசக் கடைசியில் என் வீட்டுக்காரர் ரத்னவேலின் பால் டம்ளரைக் கழுவும்போது ஒரே வீச்சம். சரியாக அலசி வைக்கவில்லை என்று அந்த மனுஷனைத்தான் திட்டினேன்.

புத்தாண்டு அன்று வைஷாலி வந்தாள். மூன்று இலை போட்டேன். மாங்காய்ப் பச்சடி, அவியலுக்குத் தயிருக்குப் பதில் புளிப்பு மாங்காய், தேங்காய்ப்பால் பாயசம். ஒன்றிலும் பால் இல்லை. சோறு போட்டுப் பருப்பு ஊற்றினேன். அவள் பிசையக் கை வைத்த நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷன் தனக்காக வைத்திருந்த நெய்க்கிண்ணத்தை எடுத்து, மகள் இலையில் ஒரு கரண்டி நெய்யைக் கவிழ்த்தார்.

கைப்பழக்கம். நல்ல நாளில் பெண்ணுக்கு நெய்யில்லாமல் பருப்புச் சோறு போட்டதில்லை அவர்.

வைஷாலியின் கை அப்படியே நின்றது. முகம் சுருங்கியது. போச்சு, எழுந்து போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

"பாப்பா... மறந்துட்டேன்டா," என்றார் அவர்.

"நீங்க நல்லா இருப்பீங்க!" என்று கத்திவிட்டு, அவள் இலையை இழுத்து என் இலையை அவள் முன் தள்ளினேன். "இந்தா, இதுல நெய் படல. இத நான் தின்னுக்கிறேன், சோத்த வீணாக்க முடியுமா?"

பிசைந்து வாயில் போட்டேன். எத்தனை வருஷம் தின்ற நெய்! நாக்கில் பட்டதும் மாட்டுத் தொழுவத்துக்குள் தலையை விட்டது போல ஒரு வாடை. விழுங்கப் பார்த்தேன், தொண்டை தள்ளியது. வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைத் தொட்டிக்கு ஓடினேன். குடலே வெளியே வந்துவிடும் போலிருந்தது.

முதுகில் ஒரு கை தடவியது. வைஷாலி.

"என்னம்மா செய்யுது?"

"குமட்டுதுடி," என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அவளுக்கும் விழுந்திருக்கும். ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். என் வாயைக் கொப்பளிக்க வைத்துவிட்டு, மிச்சத் தண்ணீரை அவளே குடித்தாள்.

"வாங்க, பருப்பு ஆறுது," என்று என் கையைப் பிடித்து இலைக்கு இழுத்துப் போனாள்.