சாளேஸ்வரத்துக்கு எந்த பஸ்

செந்தாமரைக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. அது அவளுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். ஆறு மாதமாக அந்த ரகசியத்தைக் காப்பாற்ற அவள் செலவழித்த சாமர்த்தியத்தை வேறு எதற்காவது செலவழித்திருந்தால் இந்நேரம் பஞ்சாயத்துத் தலைவியாகவே ஆகியிருப்பாள்.

பென்னலூரில் ஷூவுக்கு மேல்தோல் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி ஒன்று இருந்தது. தன் ஊரான பிள்ளைப்பாக்கத்திலிருந்து அவள் தினமும் காலையில் போய் ஊசியும் மெழுகு நூலுமாக உட்கார வேண்டும். தோலில் முன்பே சின்னச் சின்னத் துளை போட்டிருக்கும். துளைக்குத் துளை ஊசியை விட்டு இழுத்துக் கட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு துளை தவறினால் ஜோடியே ரிஜெக்ட். கண் நன்றாக இருந்த ஐந்து வருஷத்தில் செந்தாமரை தைத்தது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அவள் வீட்டுக்காரன் கன்னியப்பன் பார்க்கிற ஒன்றரை ஏக்கர், ஏரி நிரம்பினால் சோறு போடும், நிரம்பாவிட்டால் கையை விரிக்கும். மாதம் தவறாமல் சோறு போட்டது அந்த ஊசிதான்.

1991 பொங்கலுக்குப் பிறகு அந்த ஊசியின் காது காணாமல் போனது. எதிரே நீட்டிப் பிடித்தால் கொஞ்சம் தெரியும்; கிட்டே கொண்டுவந்தால் புகையாகிவிடும். தூரத்தில் வருகிற பஸ்ஸின் நம்பரை அவள்தான் முதலில் சொல்வாள். கையில் இருக்கிற ஊசி தெரியவில்லை. இது என்ன மாதிரிக் குருட்டுத்தனம் என்று அவளுக்கே புரியவில்லை. ஜன்னலோர இடத்துக்கு மாறிக்கொண்டாள். பக்கத்தில் உட்காருகிற ஜோதியிடம், கையெல்லாம் மெழுகாக இருக்கிறது, நீ கோத்துக் கொடு என்பாள். துளைகளை விரல் நுனியால் தடவிப் பார்த்துத் தைக்கப் பழகினாள். வீட்டில் சோற்றில் கல் கடிபட்டபோதெல்லாம் ரேஷன் கடைக்காரனைத் திட்டித் தீர்த்தாள். பாவம், அந்த ஆளுக்கு எத்தனை விக்கல் எடுத்ததோ.

யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. பார்வை மங்கினவர்களைக் கம்பெனியில் பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவார்கள். ஆர்டர் குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்கள் பேக்கிங் ஆட்கள்தான். இது எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் தையல் லைனில் இருந்த பன்னிரண்டு பெண்களுக்கும் மனப்பாடம்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் பரிசோதனை என்று தண்டோரா போட்டார்கள். பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனாள். சந்தைக் கூட்டம். மெட்ராஸிலிருந்து வந்த வயதான டாக்டர் ஒருவர் தலைக்கு இரண்டு நிமிஷம் என்று பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார். தூரத்தில் தொங்கிய பலகையில் எழுத்துக்குப் பதிலாக வரைந்திருந்த மூன்று கொம்பு உருவத்தைக் காட்டி, கொம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேட்டார். அவள் கடைசி வரி வரைக்கும் சொன்னாள். கிட்டே ஒரு அட்டையைக் காட்டினார். அதில் ஒன்றுமே இல்லை என்றாள். வயதைக் கேட்டார். நாற்பத்து மூன்று. அவ்வளவுதான், டாக்டர் காகிதத்தில் என்னவோ கிறுக்கினார்.

"சாளேஸ்வரம்மா. இதுக்கு மருந்தும் கிடையாது, ஆபரேஷனும் கிடையாது. அப்படிப் போ."

அவர் கை காட்டிய பக்கத்தில் ஒரு மேஜையும், அதன்மேல் பெட்டி நிறையக் கண்ணாடிகளும் இருந்தன. மேஜைக்குப் பின்னால் வாசல் இருந்தது. செந்தாமரையின் கண்ணுக்கு வாசல் மட்டும்தான் தெரிந்தது.

டாக்டர்கள் கைவிட்டால் கோயிலைக் கை காட்டுவார்கள் என்பது ஊரறிந்த விஷயம். ராமேஸ்வரம் இருக்கிறது, திருவானைக்காவில் ஜம்புகேஸ்வரம் இருக்கிறது. சாளேஸ்வரமும் அந்த வரிசையில் ஒரு சிவன் கோயிலாகத்தான் இருக்க வேண்டும், கண் கொடுக்கிற சிவனாக இருக்க வேண்டும். வழியெல்லாம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, அன்றைக்குத்தான் கன்னியப்பனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவன் அவள் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு, வெள்ளெழுத்தாக இருக்குமோ என்று மெதுவாகக் கேட்டான். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அது எழுத்துத் தெரிந்தவர்களுக்கு வருகிற வியாதி. கைநாட்டு வைக்கிறவளுக்கு எப்படி வரும் என்று கேட்டாள். நியாயமான கேள்வியாகத்தான் அவனுக்கும் பட்டது. சாளேஸ்வரம் காளஹஸ்தியைத் தாண்டி ஆந்திராப் பக்கம் இருக்கும் என்று அவனே முடிவு கட்டினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசல் கடையில் வெள்ளித் தகட்டில் அடித்த கண்மலர் ஒரு ஜோடி வாங்கி, மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு, இரண்டு பேரும் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றார்கள். கட்டுச்சோறு வேறு.

நாலு கண்டக்டர்களைக் கேட்டாயிற்று. ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் டைம் கீப்பர் அறைக்குப் போனார்கள். அவர் மூக்கு நுனியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தார்.

"சாளேஸ்வரத்துக்கு எந்த பஸ்ஸுங்க?" என்றான் கன்னியப்பன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார். போவது யார் என்று கேட்டார். இவள்தான், டாக்டர் சொல்லிவிட்டார் என்றான். அவருடைய மீசை ஒரு தரம் துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். பஸ் நம்பர் தெரிகிறதா, ஊசி தெரியவில்லையா, எத்தனை நாளாக என்று அவளையே ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்தார்.

"அது ஊரு இல்லம்மா, வயசு. வெள்ளெழுத்துன்றாங்களே, அதான். நாப்பது தாண்டுனா அல்லாரும் போய்ச் சேர்ற எடம். நான் போயி பத்து வருசம் ஆவுது. நீயும் அங்கதான் கீற, தெரியாம பஸ்ஸு தேடிக்கினு கீற."

கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். செந்தாமரை மாட்டிக்கொண்டாள். நோட்டில் இருந்ததைப் படிக்க அவளுக்குத் தெரியாது. ஆனால் மசி எங்கே தடித்திருக்கிறது, எங்கே இளைத்திருக்கிறது என்று தெரிந்தது. தன் உள்ளங்கையைப் பார்த்தாள். ஊசி குத்திய ஒவ்வொரு புள்ளியும் தெரிந்தது. அங்கேயே, அத்தனை பேருக்கு நடுவில், சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கண்மலர் வாங்கியது வீண் என்று முணுமுணுத்த கன்னியப்பன், எதற்கும் இருக்கட்டும் என்று அந்தக் கண்ணாடியை வாங்கித் தானும் மாட்டிப் பார்த்தான். கழற்ற மனசு வரவில்லை. அவனும் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தான்.

கட்டுச்சோற்றை அங்கேயே தின்றுவிட்டு, கடைத்தெருவில் கண்ணாடி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். குருடாகிவிடுவோம் என்ற பயம் போயிற்று. கம்பெனி பயம் போகவில்லை. கண்ணாடி போட்டால் கண் சரியில்லை என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்ட மாதிரி. போடாவிட்டால் பழையபடி தடவல். திங்களும் செவ்வாயும் கண்ணாடி சாப்பாட்டுப் பைக்குள்ளேயே கிடந்தது. கன்னியப்பன், உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய் என்று சொல்லிவிட்டான். அவள் எதிர்பார்த்தது வேறு. யாராவது கண்டிப்பாகச் சொன்னால் தேவலை என்றிருந்தது.

புதன்கிழமை தான் தைத்த ஒரு ஜோடியை முந்தானைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு குழாயடிப் பக்கம் போனாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். குதிகால் வளைவில் இரண்டு துளை விட்டுப்போயிருந்தது. இன்னொரு இடத்தில் நூல் துளையை விட்டுத் தோலைக் கிழித்திருந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இப்படித் தைப்பதற்குப் பேக்கிங்கே தேவலை என்று நினைத்தாள். கண்ணாடியைக் கழற்றாமலே திரும்பி வந்து உட்கார்ந்து, தைத்ததைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

லைனில் பேச்சு நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த கங்கம்மாளுக்கு ஐம்பது இருக்கும். கம்பெனி தொடங்கிய நாள் முதல் இருப்பவள், யாருக்கும் பயப்படாதவள் என்று பெயர் வாங்கியவள். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இன்னாடி இது?"

செந்தாமரை தலையைத் தூக்காமல், ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பஸ் தேடிப் போனதைக்கூட விடவில்லை. ஒருத்தியும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கங்கம்மாள் கையை நீட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் மடியிலிருந்த தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவள் குரல் உடைந்து அதுவரை யாரும் கேட்டதில்லை.

"நான் மட்டுந்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன்டி."

கண்ணாடி அங்கிருந்து அடுத்த கைக்குப் போனது, அதற்கடுத்த கைக்கும் போனது. ஒருத்தி ஊசியைக் கோத்து, உருவி, மறுபடியும் கோத்துப் பார்த்தாள். ஒருத்தி நகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர். ஆளுக்கொரு பயத்தை மடியில் கட்டிக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் தடவிக்கொண்டிருந்திருக்கிறார்கள். செந்தாமரைக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

லைன் நின்றுபோனதைப் பார்த்து சூப்பர்வைசர் வசந்தகுமார் வந்தான். இருபத்தைந்து வயது, டிப்ளமா படித்தவன், கெட்டவன் இல்லை. கண்ணாடி அப்போது லைன் கடைசியில் உட்காருகிற மாரியின் முகத்தில் இருந்தது. அது யாருடையது என்று கேட்டான். மாரி அவசரமாகக் கண்ணாடியைக் கழற்றினாள். செந்தாமரை எழுந்து நின்று, என்னுடையது, எனக்குக் கிட்டத்தில் இருப்பது தெரிவதில்லை, அது இருந்தால்தான் தைக்க முடியும் என்றாள். சொல்லி முடிப்பதற்குள் கங்கம்மாள் எழுந்து, எனக்கும்தான் என்றாள். பிறகு மாரி. பிறகு ஒவ்வொருத்தியாக எட்டுப் பேரும் நின்றார்கள்.

வசந்தகுமார் விரலால் எண்ணினான். எட்டுப் பேரையும் பேக்கிங்குக்கு அனுப்பினால் லைனில் மிஞ்சுவது நாலு பேர் என்பது டிப்ளமா படிக்காதவர்களுக்கும் தெரியும். இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டான். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

"சொல்லியிருந்தா வெச்சிருப்பீங்களா, தம்பி?" என்றாள் கங்கம்மாள்.

அவன் கையிலிருந்த அட்டையைப் புரட்டினான், எட்டு முகங்களையும் இன்னொரு தரம் பார்த்தான், வேலையைப் பாருங்கள் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனான்.

கண்ணாடி திரும்பக் கங்கம்மாளிடம் வந்தது. இந்த ஒரு ஜோடியை முடித்துவிட்டுத் தருகிறேன் என்று அவள் கேட்டாள். செந்தாமரை தலையாட்டினாள். அவள் தைத்து முடிக்கிற வரைக்கும், வேலை நேரத்தில், எல்லோரும் பார்க்க, செந்தாமரை தடவித் தைக்காமல் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.