மச்சான் வாங்கக் கூடாத கார்

டமால் என்று வாசலில் ஏதோ வெடித்தது.

ஓட்டின் மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன. பக்கத்து வீட்டு ஆடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. சவரம் செய்துகொண்டிருந்த ஜீவானந்தம், ஒரு பக்கக் கன்னம் முழுக்கச் சோப்பு நுரையோடு வாசலுக்கு ஓடினார்.

அடுப்படியில் இருந்த அவர் மனைவி சசிரேகா மட்டும் ஓடவில்லை. வந்திருப்பது என்னவென்று அவளுக்குத் தெரியும். ஜன்னல் உயரத்துக்கு எக்கி நின்று, கதவை இரண்டு விரல் அளவு திறந்து பார்த்தாள்.

வேப்ப மரத்தடியில் இளம்பச்சை நிறத்தில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் நின்றது. அவளுக்குக் கல்யாணமான காலத்துக் கார். வெடித்தது அதன் புகைக்குழாய்தான். உள்ளேயிருந்து அவள் தம்பி மோகன் இறங்கினான்.

"இன்னா மச்சான், சாவடிக்கப் பாத்த?" என்றார் ஜீவானந்தம். "யார் வண்டி இது?"

"ஸ்ரீபெரும்புதூர் மாட்டு டாக்டர் வண்டி மாமா. விக்கறாராம். நான் வாங்கலாம்னு கீறேன். நீ ஒரு தபா பாத்துச் சொல்லேன்."

"நீ கார் வாங்கறியா? போன மாசம் சைக்கிளுக்கு ட்யூப் வாங்க என்னைக் கேட்டியே."

மோகன் ஜன்னல் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுச் சமாளித்தான். "ஓவர்டைம் பாத்தேன் மாமா. பணம் வந்துச்சு."

நல்லவேளை, ஜீவானந்தத்தின் கண் அதற்குள் காரின் மேல் போய்விட்டது.

விஷயம் இதுதான். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையின் பஸ்களையெல்லாம் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் ஜீவானந்தம். ஆயுத பூஜை வந்தால் பதினோரு பஸ்ஸுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது அவர்தான். கடைசியாகத் தன் பழைய மொபெட்டுக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு வருவார். இருபது வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்து, இந்தப் பூஜைக்கு அவர் கையால் அவருடைய சொந்தக் காருக்குச் சந்தனம் வைக்க வேண்டும் என்று சசிரேகா முடிவு கட்டியிருந்தாள். தொழிற்சாலைகளுக்குச் சீருடை தைத்து, மூட்டை கட்டிப் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் தொழில். மகள் ஜோதியின் கல்யாணமும் முடிந்துவிட்டது. தையலில் மிச்சம் பிடித்துக் கட்டிய சீட்டு, போன மாதம் கைக்கு வந்திருந்தது.

ஆனால் ஒரு சிக்கல். பழைய கார் என்றால் விவரம் தெரிந்த ஆளிடம் காட்டாமல் வாங்க முடியாது. அவர்கள் ஊரான சேரப்பணஞ்சேரியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் விவரம் தெரிந்த ஆள் யார் என்று கேட்டால், எல்லாரும் கை காட்டுவது ஒரே ஒருவரைத்தான். அவள் புருஷன். ஜீவா நல்ல வண்டி என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வேண்டாம் என்று சொன்னால், சொந்த அண்ணன் விற்றாலும் வாங்க மாட்டார்கள். வண்டி விஷயத்தில் அந்த வாயில் பொய் வந்ததில்லை.

அதனால்தான் மோகன் வாங்குகிற மாதிரி இந்த நாடகம்.

ஜீவானந்தம் முன்பக்கத் தகரத்தை மொத்தமாக முன்னால் சாய்த்துத் திறந்தார். இன்ஜினை ஓடவிட்டு, ஸ்குரூ டிரைவரின் முனையை அதன் மேல் வைத்து, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டார். மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தார். வெளியே வந்தபோது கன்னத்து நுரை காய்ந்துபோயிருந்தது. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சீட்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார்.

சசிரேகா ஜன்னல் கதவை இன்னும் ஒரு விரல் திறந்தாள். பிடித்துவிட்டது என்று நினைத்தாள்.

அவர் இறங்கி, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாணாம் மச்சான்."

"ஏன் மாமா?"

"அடிச்சட்டம் பூரா துரு. இன்ஜின்ல ஜீவனே இல்ல. கியர் பாக்ஸ் எப்ப வேணா கையில வரும். வெடிச்சுதே, கேட்ட இல்ல? ஆறு மாசத்துல காயலான் கடைக்குத்தான் தள்ளிகினு போவணும். பேசாம திருப்பி வுட்டுட்டு வந்துடு."

மோகன் முகம் விழுந்துவிட்டது. ஜன்னலுக்குப் பின்னால் சசிரேகாவின் முகமும்தான். அன்றைக்கு அவள் வைத்த சாம்பாரில் உப்பு போட மறந்துவிட்டாள். அதை ஜீவானந்தம் கவனிக்காமலே சாப்பிட்டு முடித்தார். சாயங்காலம், ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போய் ஒருத்தரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். யாரை என்று அவளும் கேட்கவில்லை.

பதில் நாளைக்குச் சொல்கிறேன் என்று மோகன் காரைத் திருப்பி விட்டிருந்தான். மறுநாள் அவனுக்கு முதல் ஷிப்ட். கார் வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்ல அவளே போனாள். ஒரகடம் கூட்டு ரோட்டில் பஸ் மாறும்போதுகூட வயிற்றெரிச்சல் தீரவில்லை.

கால்நடை டாக்டர் சுப்பராயன் ஓய்வு பெற்றவர். பெங்களூரில் மகள் வீட்டோடு போய் இருக்கப்போகிறார். வீட்டில் பாதிச் சாமான்கள் கட்டி வைக்கப்பட்டிருந்தன.

"நான் மோகனோட அக்கா சார். நேத்து காரு ஓட்டிப் பாக்க எடுத்துகினு போனானே, அந்தப் பையன். காரு வாணாம்னு சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

"அப்படியா? அதுவும் நல்லதாப் போச்சும்மா," என்றார் சுப்பராயன். "நேத்து சாயங்காலமே இன்னொருத்தர் வந்தார். புதன்கிழமைக்குள்ள சொசைட்டியில லோன் போட்டு எடுத்துக்கறேன்னு கெஞ்சறார். ஒரு பையன் பார்த்துட்டுப் போயிருக்கான், அவன் பதில் தெரியணும்னேன். அவன் வாங்க மாட்டான் சார், எனக்குத் தெரியும்னு அடிச்சுச் சொன்னார். எப்படித் தெரியும்னு எனக்கு விளங்கலை. இப்பப் பாரு, அவர் சொன்ன மாதிரியே நீ வந்து நிக்கறே."

சசிரேகாவுக்குச் சுருக்கென்றது.

"அவரு எப்படி சார் இருந்தாரு?"

"காக்கி பேண்ட். ஓட்டை மொபெட். மீசையில பாதி நரை. அழுக்கு ஒட்டிக்கும்னு நாற்காலியில உட்கார மாட்டேன்னுட்டார். ஆனா விவரமான ஆள்மா. இந்த ஜில்லாவுல இப்படி ஒரு ஹெரால்டு கிடையாது, இன்ஜின் சுத்தம், அடிச்சட்டத்துல ஒரு பொட்டு துரு இல்லைன்னார். வெடிக்கறது அஞ்சு நிமிஷ வேலையாம். தன் துண்டாலேயே கண்ணாடியெல்லாம் துடைச்சுட்டுப் போனார்."

அவள் அப்படியே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"தண்ணி வேணுமாம்மா?"

"வாணாம் சார்."

முதலில் வந்தது சிரிப்பு. கார் அவருக்கு அத்தனை பிடித்திருக்கிறது. அவள் நினைத்ததற்கும் மேலே. அடுத்த நிமிஷமே சிரிப்பு அடங்கிவிட்டது. பிடித்த காரைத் தானே எடுத்துக்கொள்ள, நம்பி வந்து கேட்ட மச்சானிடம் மோசம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாரா? யாரோ ஒரு லாரிக்காரன் கேட்டால்கூட உள்ளதை உள்ளபடி சொல்கிறவர், சொந்த மனைவியின் தம்பியிடமா?

கார் பெரிய விஷயமாக இல்லாமல் போய்விட்டது அவளுக்கு. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனைப் பற்றி இன்றைக்குப் புதிதாக ஒன்று தெரிந்துவிட்டதே என்றுதான் உறுத்தியது. அதற்காகப் பரிசை நிறுத்தவும் மனசு வரவில்லை.

"சார், நான் சொன்னத மறந்துடுங்க. என் தம்பிதான் மொதல்ல கேட்டான். காரு எங்களுக்குத்தான். பணம் பாங்கில கீது, ஒரு மணி நேரத்துல எடுத்தாந்துடறேன்."

"இப்பத்தானே வேண்டாம்னே?"

"ஆமா சார். இப்ப வேணும்."

சொன்னபடியே பணத்தோடு வந்து கையெழுத்துப் போட்டாள். கார் பூஜை வரைக்கும் அங்கேயே நிற்கட்டும் என்றும், அந்தக் காக்கி பேண்ட் வந்தால் விற்றுப்போய்விட்டது என்று மட்டும் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டாள்.

"எனக்குப் பொய் வராதும்மா," என்றார் சுப்பராயன்.

"பொய் இல்ல சார். வித்துதான போச்சு."

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, அதுவும் சரிதான் என்று தலையாட்டினார்.

புதன்கிழமை ஜீவானந்தம் வீட்டுக்கு வந்தபோது, வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களோ என்று கேட்கும்படி இருந்தது முகம். சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"இன்னாங்க, ஒடம்பு சரியில்லையா?"

"ஒண்ணும் இல்ல. பஸ் வேல ஜாஸ்தி."

இப்போதாவது உண்மையைச் சொல்லட்டும் என்று அவள் மெல்ல எடுத்துக்கொடுத்தாள். "மோகன் பொலம்பிகினே கீறான். அந்தக் காரு நெஜமாவே அவ்ளோ மோசமா?"

அவர் நிமிரவில்லை. "மோசந்தான். விடு."

அவளும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள்.

ஆயுத பூஜையன்று பஸ் ஷெட்டில் வாழை மரம் கட்டி, பதினோரு பஸ்ஸையும் கழுவி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஊழியர்களின் குடும்பங்கள் பொரியும் கடலையுமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஜீவானந்தம் சந்தனக் கிண்ணத்தோடு ஏழாவது பஸ்ஸில் இருந்தபோது, இளம்பச்சை ஹெரால்டு கேட்டுக்குள் நுழைந்தது. ஸ்டியரிங்கில் மோகன். பக்கத்தில் பட்டுப்புடவையில் சசிரேகா.

ஜீவானந்தம் கிண்ணத்தை பம்பரில் வைத்துவிட்டு விறுவிறுவென்று வந்தார். மனைவியைப் பார்த்ததாகவே தெரியவில்லை.

"ஏன்டா, நான் அவ்ளோ சொல்லியும் நீதான் வாங்கினியா?"

மோகன் இரண்டு கையையும் தூக்கிவிட்டான். "நான் எங்க மாமா வாங்கினேன்? என் சம்பளத்துக்கு அந்த டயரே வராது. அக்காவக் கேளு."

சசிரேகா இறங்கி வந்து சாவியை அவர் கையில் வைத்தாள். சந்தனம் ஈரமாக இருந்த அந்தக் கை அப்படியே விரிந்தபடி நின்றது.

"உங்களுக்குத்தாங்க. அன்னிக்கே உங்களுக்குத்தான். நீங்க பாத்து நல்லா கீதுன்னு சொல்லணும்னுதான் தம்பிய அனுப்பினேன்."

ஷெட்டே வேடிக்கை பார்த்தது. டிரைவர் கன்னியப்பன் பொரியை மென்றுகொண்டே சொன்னார், "இன்னா ஜீவாண்ணே, பஸ்ஸுக்கெல்லாம் மளமளன்னு பொட்டு வெச்ச கை இதுக்கு மட்டும் நின்னுபோச்சே."

"போய் பூசணிக்காய ரெடி பண்ணுய்யா," என்றார் ஜீவானந்தம். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முன்பக்கத் தகரத்தைத் தடவினார். மூன்று விரலால் சந்தனத்தை எடுத்து நடுவில் வைத்தார். குங்குமமும் வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை மகள் பிறந்த அன்றைக்குத்தான் அவள் பார்த்திருந்தாள்.

இத்தோடு விட்டுவிடலாம் என்றுதான் சசிரேகாவுக்கு இருந்தது. நல்ல நாள், நல்ல நேரம். ஆனால் விட்டால் அது உள்ளேயே கிடந்து குடையும் என்றும் தெரிந்தது. மற்றவர்கள் தேங்காய் உடைக்கப் போகும் வரை காத்திருந்து, பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டாள்.

"நான் டாக்டரப் பாத்துட்டேங்க. நீங்க போனது, சொன்னது எல்லாம் தெரியும். உங்களுக்குப் புடிச்சா எடுத்துகினு போங்களேன், நான் இன்னா சொல்லப்போறேன்? ஆனா வண்டி விஷயத்துல யாருக்குமே பொய் சொல்லாத ஆளு, என் தம்பிக்கு மட்டும் ஏன் சொன்னீங்க?"

ஜீவானந்தம் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். குனிந்து, சீட்டுக்கு அடியில் இருந்த இரும்புக் கம்பியை இழுத்து, சீட்டை எவ்வளவு முன்னால் வருமோ அவ்வளவு முன்னால் தள்ளினார். சாவியைத் திரும்ப அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"ஏறி ஒக்காரு சசி, ஓட்ட நான் கத்துத் தரேன். துணி மூட்டையத் தூக்கிகினு நீ பஸ்ஸுக்கு ஓடறத நானும் பாத்துகினேதான் கீறேன். எத்தினியோ வண்டி பாத்துட்டேன், இது ஒண்ணுலதான் உன் காலு கிளட்சுக்கு எட்டும். நல்ல வண்டின்னு சொல்லியிருந்தா உன் தம்பி வாங்கிகினு போயிருப்பான் இல்ல?"