ஐம்பது கோதுகளுக்கு ஓர் அச்சு

1

ஐம்பது வெற்றுத் தோட்டாக் கோதுகளை அளந்து முடிக்க எனக்கு நான்கு மணித்தியாலமும் பத்து நிமிடமும் எடுத்தன. இந்தக் கதை அதற்குள் எங்கோ தொடங்கியது. நான் எழுத உட்கார்ந்தது கதை அல்ல. எவ்லின் அக்கா ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் எழுதினால் போதும். அந்த வரி இன்னும் எழுதப்படவில்லை.

கேள்வி இதுதான்: எந்த அச்சை வாங்குவது?

2

(இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம் என்று முதலில் எழுதியிருந்தேன். அழித்துவிட்டேன். தாண்டாதீர்கள்.)

குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்காரர் பலர் தங்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்புகிறார்கள். சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கோதை எறிவதில்லை. ஓர் அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, வெடிமருந்தும் குண்டும் புதிதாக வைப்பார்கள். ஒரு வகை அச்சு கோதின் கழுத்தை மட்டும் இறுக்கும். இன்னொரு வகை கழுத்து, தோள், உடல் எல்லாவற்றையும் இறுக்கும். (கழுத்து, தோள் என்பவை நான் வைத்த பெயர்கள் அல்ல. ஜேர்மன்காரரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.)

சுடும் கணத்தில் கோதுக்குள் எழும் அழுத்தம், உலகின் மிக ஆழமான கடலடியில் இருப்பதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். பித்தளை விரிந்து, துவக்கில் (துப்பாக்கி என்றும் சொல்லலாம்) தோட்டா உட்காரும் அறையின் சுவரில் ஒட்டுகிறது. பிறகு ஒரு துளி சுருங்கி விலகுகிறது. வெளியே வரும்போது அது அந்த அறையின் வடிவத்தில் இருக்கிறது. ஒரே ஆலையில் செய்த இரண்டு துவக்குகளின் அறைகள்கூட ஒன்றல்ல. கழுத்தை மட்டும் இறுக்கினால் கோது அந்த வடிவத்தை வைத்துக்கொள்ளும், தன் துவக்கில் கச்சிதமாகப் போய் உட்காரும். வேறு துவக்கில் நுழையாமலும் போகலாம்.

நான் பௌதிகம் படித்தவள். ஜேர்மனியில், பான் நகரத்து ஆய்வுகூடம் ஒன்றில் அளப்பதுதான் வேலை. இருந்தும் இதை முதன்முதலில் கேட்ட அன்று கனநேரம் பேசாமல் இருந்தேன். (எப்போதும் பேசாமல்தான் இருப்பேன். இது வேறு.)

3

எவ்லின் அக்காவை எப்படிக் காட்டுவது?

'எவ்லின் உயரமான, துணிச்சலான ஒரு—'

உயரமில்லை.

'செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் நாள் முழுக்கக் குனிந்திருக்கும் அவர், சனிக்கிழமைகளில் மட்டும்—'

இது உண்மை. ஆனாலும் ஆளைக் காணவில்லை.

ஒருமுறை என்னைத் தன் சுடுகழகத்துக்குக் கூட்டிப்போனார். காதுமூடி போட்டும் முதல் வெடியிலேயே நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். "உனக்குச் சத்தம் போடுற வேலை சரிவராது, பிரியா. நீ அளக்கிற வேலையைப் பார்" என்றார். சிரிக்கவில்லை. இந்த ஆள்தான் எவ்லின் அக்கா.

இலையுதிர்காலத்தில் மாநிலப் போட்டி. கழகத்தின் மூவர் அணியில் இம்முறை அவருடைய பெயர் இருக்கிறது. ஆறு வருடங்கள் காத்திருந்த இடம். அச்சைப் பிழையாகத் தெரிவுசெய்தால் போட்டியில் தோட்டா முழுதாக உள்ளே போகாது, துவக்கு பூட்டாது. அதனால் கடைசியாகச் சுட்ட ஐம்பது கோதுகளைக் கேட்டேன். அவரும் கணவர் பிருந்தன் அண்ணையும் கொண்டுவந்தார்கள். பெட்டியை அண்ணைதான் தூக்கிவந்தார். எல்லாம் தன் துவக்கில், போன மாதம் சுட்டவை என்று அக்கா சொன்னார்.

4

அடியிலிருந்து தோள் வரை அளந்தேன்.

41.45. 41.45. 41.46. இருபது கோதுகள் இப்படியே போயின. இருபத்தோராவது 41.53.

கருவியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து மறுபடி அளந்தேன். 41.53. அடுத்ததும் அதே. மீதி முப்பதும் அப்படித்தான். வித்தியாசம் ஒரு மில்லிமீற்றரின் நூறில் எட்டுப் பங்கு, ஒரு தலைமயிரின் தடிப்பு. ஓர் அளவு தவறலாம். முப்பது அளவுகள் சேர்ந்து ஒரே பக்கம், ஒரே தூரம் தவறுவதில்லை.

அவை வேறொரு துவக்கில் சுடப்பட்டவை.

கோதைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். மனிதர் யாரும் எனக்குச் சொல்லாத ஒன்றை ஒரு துண்டுப் பித்தளை சொல்லியிருந்தது. ஆய்வுகூடத்தில் எத்தனையோ அளந்திருக்கிறேன். எதுவும் இப்படித் திரும்பி என்னைப் பார்த்ததில்லை.

* ஒரு வரிப் பதில் இப்போது எளிது: முழு உடலையும் இறுக்கும் அச்சை வாங்குங்கோ, இரண்டு துவக்குக்கும் பொருந்தும். அதை அனுப்பியிருந்தால் இந்தக் கதை இல்லை.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) அக்கா துவக்கை விற்றுவிட்டார். நம்ப முடியவில்லை. எங்கள் ஊர்ப்பிள்ளைகள் காரைத் துடைப்பது போல அதைத் துடைப்பவர் அவர்.

(ஆ) அவருக்காக வேறு யாரோ பயிற்சி செய்கிறார்கள். ஆனால் போட்டியில் அவரேதானே சுட வேண்டும்? வெட்டினேன்.

(இ) பிருந்தன் அண்ணையிடமும் அதே அளவுத் துவக்கு இருக்கிறது. முப்பதும் அவருடையவை. அப்படியானால் அக்காவுடையவை எங்கே? இருவருக்கும் சண்டை என்று இரண்டு பக்கம் எழுதினேன். பெட்டி கொண்டுவந்த அன்று, அக்கா எழும்ப வசதியாக அண்ணை கதிரையைப் பின்னால் இழுத்துவிட்டது ஞாபகம் வந்தது. இரண்டு பக்கத்தையும் கிழித்தேன்.

இந்த மூன்றில் ஒன்று உங்களுக்குப் பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் நான் பயந்து எழுதியவை. கேட்பதைவிட எழுதுவது எனக்குச் சுகம்.

6

ஞாயிற்றுக்கிழமை அக்கா தனியாக வந்தார். கோதுகளை மேசையில் இரண்டு வரிசையாக நிறுத்தியிருந்தேன். இங்கே இருபது, அங்கே முப்பது.

"இது ரெண்டு துவக்கு, அக்கா."

அக்கா முப்பதின் பக்கம் குனிந்தார். ஒன்றை எடுத்து விரலால் உருட்டினார்.

"நீ சராசரி எடுப்பாய் எண்டெல்லோ நினைச்சன்."

சராசரி எடுத்தால் இரண்டு துவக்குக்கும் சொந்தமில்லாத ஓர் எண்தான் வரும் என்றேன். அதற்குச் சிரித்தார். பிறகு கேட்காமலே சொன்னார். கழகத்தில் எல்லாரும் சேர்ந்து அச்சுக்கு ஓடர் கொடுக்கிறார்களாம். தான் மட்டும் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அணியிலிருந்து பெயரை எடுத்தாலும் கேட்பார்கள். இருபது கோதும் வசந்தகாலத்தில் சுட்ட பழையவை. மீதி முப்பதும் அண்ணை தன் துவக்கில் சுட்டவை, அவரிடம் வாங்கினாராம்.

போட்டிக்கு யார் போனார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை. அந்த முடிவு எனக்குரியதல்ல. அதை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். இதை எழுதவும் அக்கா ஓம் சொன்ன பிறகே உட்கார்ந்தேன். எனக்குரியது ஒரே ஒரு கேள்வி. எழுதிப் பார்க்காமல், வாயால் கேட்டேன்.

"ஏன் அக்கா சுடுறதை விட்டனீங்கள்?"

அவர் கோதை அதன் வரிசையில் திரும்ப நிறுத்தினார்.

"போனமுறை முதலே எல்லாருக்கும் சொல்லிப்போட்டு, பிறகு ஒவ்வொருத்தருக்கா அது இல்லாமல் போச்செண்டு சொன்னனான். அதாலைதான் இந்தமுறை வாய் திறக்கேல்லை."

யன்னலுக்கு வெளியே டிராம் ஒன்று இரைந்து போனது. பிறகு, எனக்கு மட்டுமல்ல, அந்த அறை முழுவதற்கும் சொல்வது போலச் சத்தமாகச் சொன்னார்:

"நாலு மாசம், பிரியா. வயித்துக்கை இருக்கிறதுக்குக் காதை மூடிவிட ஏலாது."